நொண்டிச் சிறகுப் பூச்சியைத் தேடி இரண்டு மீன்பிடிக் கண்காட்சிகள்

வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ஓட்டல்காரர்கள் ஆம்லெட்டில் முட்டைக்கோஸ் நறுக்கிப் போட்ட குளிர்காலம் அது. ஊராட்சித் தேர்தல் முடிந்து, என் இடது ஆள்காட்டி விரல் நகத்தில் மை பாதி மிச்சம் இருந்தது. சீனாவில் ஏதோ காய்ச்சல் என்று டிவியில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். நிலக்கோட்டைப் பக்கம் அதை யாரும் காதில் வாங்கவில்லை. எனக்கு வருசத்தை நம்பராகச் சொல்ல வராது, இப்படித்தான் வரும். அந்தத் தை மாதம் பதினாலாம் நாள் நான் இரண்டாவது முறையாக இங்கிலாந்து கிளம்பினேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுவதை என் மகள் ஜெசிந்தா எழுத்தில் ஏற்றுகிறாள். அவள் அங்கே நர்ஸ். இதுவரை நான்கு குளிர்காலம் போய், ஏழு மீன்பிடிக் கண்காட்சிகள் பார்த்துவிட்டேன். அங்கே ட்ரௌட் மீன் இருக்கும் ஆறுகளில் குளிர்காலத்தில் தூண்டில் போட விடமாட்டார்கள். மீன் முட்டையிடும் காலம். கை அரிக்கும் ஆட்கள் எல்லாம் அந்த மாதங்களில் கண்காட்சிகளில் கூடிவிடுவார்கள். அப்படிப் போக நினைப்பவர்களுக்காக நேரம், செலவு, தூரம் எல்லாம் சொல்கிறேன். ஆனால் அந்த இரண்டாவது பயணம் நான் வேடிக்கை பார்க்கப் போன பயணம் அல்ல. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பூச்சித் தூண்டில் என்று ஒன்று உண்டு. புழு கிடையாது, மாவு கிடையாது. சின்னக் கொக்கியில் சேவல் இறகையும் வாத்து இறகையும் நூலால் சுற்றி, ஒரு பூச்சி போலவே கட்டிவிடுவார்கள். அதைத் தண்ணீர் மேல் வீசினால் மீன் நிஜப் பூச்சி என்று நம்பி எழும்பும். எமர்ஜென்சிக் காலத்தில் திண்டுக்கல்லில் ஒரு இறகு வியாபாரி, தோல் மண்டிக்குப் பின்னால் கொட்டகை போட்டு, இந்தப் பூச்சிகளைக் கட்டி மெட்ராஸ் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பினார். ஒரே பெஞ்சில் நாங்கள் நான்கு பேர். மரியபுஷ்பம் அக்கா, கருப்பையா, பாக்கியம், நான். எங்களில் யாரும் அந்தப் பூச்சியில் மீன் சிக்கிப் பார்த்ததில்லை. பாக்கியம் அதெல்லாம் வெள்ளைக்காரப் பெண்கள் காதில் மாட்டுவது என்று கடைசிவரை சாதித்தார்.

நான்கு பேருக்கும் கையெழுத்து கிடையாது. யார் கட்டியது எது என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும் அல்லவா? ஆளுக்கு ஒரு நூல் நிறம் கொடுத்தார். தலையில் கறுப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போடும் முன், ஒரே ஒரு சுற்று நம் நிறத்தில். எனக்கு மஞ்சள், கருப்பையாவுக்குப் பச்சை, பாக்கியத்துக்கு வெள்ளை, புஷ்பம் அக்காவுக்குச் சிவப்பு. பூச்சியின் தலை கடுகில் பாதிதான் இருக்கும். அதில் ஒரு மயிரளவு சிவப்பு. அதுதான் அக்காவின் கையெழுத்து.

எங்களுக்கு மாதிரி தீப்பெட்டிக்குள் வரும். பெட்டியைத் திறப்பதும், பார்த்து முதலில் கட்டுவதும் பெஞ்சில் மூத்தவரான புஷ்பம் அக்கா. அவர் கட்டியதைப் பார்த்து மற்றவர்கள் கட்டுவோம். ஒரு நாள் அவர் சோற்றுத் தூக்கு எடுக்கப் போயிருந்த நேரம் தபால் வந்தது. நான் திறந்தேன். உள்ளே இரண்டு சிறகு வைத்த ஒரு பூச்சி, அதில் இடது சிறகு பாதிதான் இருந்தது. கூடவே இங்கிலீஷில் ஒரு துண்டுச் சீட்டு. எதிர்த்த டீக்கடைக்காரரிடம் கொடுத்திருந்தால் படித்துச் சொல்லியிருப்பார். ஆனால் எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும் என்று பெஞ்சில் பீற்றி வைத்திருந்தேன். சீட்டைக் காட்டினால் "படிடா பாப்போம்" என்பார்கள். வெறும் விலாசமாகத்தான் இருக்கும் என்று மனதைச் சமாதானம் செய்து, மடித்து இடுப்பில் செருகி, போகிற வழியில் சாக்கடையில் போட்டேன்.

அக்கா வந்து பூச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாதிரி எப்படியோ அப்படியே கட்டணும். நம்ம இஷ்டத்துக்குச் சிறகு வைக்க நாம யாரு?" என்றார். பன்னிரண்டு குரோசு கட்டினோம், ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு. எல்லாவற்றிலும் இடது சிறகு பாதி. மகள் கல்யாணத்தில் இருந்த முதலாளி திரும்பும் முன் பெட்டி மெட்ராஸ் போய்க் கப்பலும் ஏறிவிட்டது.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. எங்களிடம் இருந்த மாதிரியின் ஒரு சிறகை அந்து அரித்துவிட்டது, இரண்டையும் சமமாகக் கட்டவும் என்று சீட்டில் எழுதியிருந்தோமே, உங்கள் ஆட்களுக்குக் கண் இல்லையா என்று கேட்டிருந்தார்கள். முதலாளி பெஞ்சு முன்னால் நின்று, "சீட்டு எங்க?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. தீப்பெட்டி அக்கா பொறுப்பு. அக்கா யோசித்துவிட்டு, "குப்பையோட கூட்டித் தள்ளிட்டேன் போல மொதலாளி" என்றார். செய்யாததைச் செய்ததாகவே அவர் நம்பிவிட்டார். இரண்டு மாதத்தில் கொட்டகைக்குப் பூட்டு. கருப்பையா அக்காவுக்கு "நொண்டிச் சிறகு" என்று பெயர் வைத்தார். அது தெருவுக்குப் போய், பிறகு கொடைரோட்டுக்கும் போனது. அங்கேதான் நாற்பது வருசத்துக்கு மேலாக அக்காவுக்குப் பூக்கடை. "நொண்டிச் சிறகக்கா, ரெண்டு மொழம் குடு" என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்கும்.

அந்தத் தை மாதம் செபஸ்தியார் திருவிழாவில் நான் மறுபடி இங்கிலாந்து போவதைக் கேள்விப்பட்டு, அக்கா சப்பரத்துக்கு முன்னால் நின்றபடியே என்னைப் பிடித்தார்.

"ஏலே சவரி, அம்புட்டுத் தூரம் போறியே, ஒன்னே ஒன்னு கேட்டுட்டு வாடா. நான் கட்டுன நொண்டிச் சிறகுல ஒரு மீனாச்சும் ஏமாந்துச்சா?"

பக்கத்தில் நின்ற கருப்பையா சிரித்தார். "மீனு எங்க ஏமாந்துச்சு? நம்ம மொதலாளிதேன் ஏமாந்தாரு."

எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். நான் மெல்ல நழுவிக் கோவிலுக்குள் போனேன். அன்று செபஸ்தியார் சுரூபத்தின் முன் ஒரு கோழைத்தனமான பேரம் பேசினேன். ஒரே ஒரு மீன் அதில் சிக்கியது என்று தெரிந்தால், சீட்டை நான்தான் தொலைத்தேன் என்று அக்காவிடம் சொல்லிவிடுகிறேன். சிக்கவில்லை என்றால் நீர் என்னை விட்டுவிடும். இதுதான் பேரம்.

இனி பயணம். காலை ஐந்தே முக்காலுக்கு நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகை ஏற்றிய வேனில் கொடைரோடு கிளம்பினேன். பத்து கிலோமீட்டர், இருபது நிமிடம். டிரைவர் காசு வாங்கவில்லை.

"பெட்டியில என்ன அப்பு, இம்புட்டுக் கனமா இருக்கு?" என்றார்.

"ஊறுகா, முறுக்கு, பேத்திக்குக் கடலை மிட்டாய்."

"மீன் பிடிக்கப் போறீகன்னாக, தூண்டிலக் காணோம்?"

"பிடிக்கப் போகலப்பா. மீன் பிடிக்கிறவகளப் பாக்கப் போறேன்."

அவர் சாலையை விட்டுவிட்டு என்னையே செத்த நேரம் பார்த்தார். "வெலவாசி இருக்குற இருப்புல இப்படியும் ஒரு சோலியா!"

கொடைரோட்டில் ஏழரை மணிக்குச் சென்னை ரயில். சுமார் நானூற்று ஐம்பது கிலோமீட்டர், உட்காரும் சீட்டு நூற்று எண்பது ரூபாய்க்குள். பிற்பகல் இரண்டே முக்காலுக்கு எழும்பூர். மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு விமானம். துபாயில் மூன்று மணி நேரம் காத்திருந்து மாறி, அவர்கள் கணக்கில் மாலை ஆறரைக்கு லண்டன். போக வர நாற்பத்து மூவாயிரம். விசாவுக்கு ஒன்பதாயிரம் சொச்சம்.

எழுத்து தெரியாதவர்களுக்கு ஒரு உபாயம் சொல்கிறேன். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். எனக்குக் கால் நன்றாக நடக்கும், எழுத்துப் பலகையைக் கண்டால்தான் நின்றுவிடும். நாற்காலி தள்ளுபவர் வாசல் வாசலாகக் கொண்டுபோய் விடுவார். லண்டனில் விரல் ரேகை எடுத்த அதிகாரி என் நகத்து மையைப் பார்த்து, காயமா என்று சைகையில் கேட்டார். நான் ஓட்டுப் போடுவதுபோல் நடித்துக் காட்டினேன். புரிந்து சிரித்துவிட்டார்.

இன்னொன்று, சேவல் இறகைக் கொண்டுபோகாதீர்கள். முதல் பயணத்தில் அய்யலூர் சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கிய இரண்டு சேவல் கழுத்துத் தோல்களை இறகோடு எடுத்துப் போயிருந்தேன். விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பறவைச் சாமான் எதுவும் கூடாதாம்.

முதல் கண்காட்சி பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை, வடக்கே ஒரு சின்ன ஊரில், விளையாட்டு அரங்கத்துக்குள். மகள் வீட்டிலிருந்து ரயிலில் இரண்டு மணி பத்து நிமிடம், போக வர முப்பத்தொரு பவுன். நம் காசுக்கு மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஜெசிந்தாவுக்கு ட்யூட்டி. அதனால் நான்கு அட்டை எழுதிக் கொடுத்தாள். ஒன்றில் இறங்க வேண்டிய ஊர், ஒன்றில் திரும்பும் ஊர், ஒன்றில் அவள் போன் நம்பர். நான்காவதில் இப்படி எழுதியிருந்தாளாம்: "நான் இந்தியாவில் பூச்சி கட்டியவன். இடது சிறகு பாதியாக இருக்கும் பழைய இந்தியப் பூச்சி யாரிடமாவது இருக்கிறதா?"

நுழைவுக் கட்டணம் ஐந்து பவுன். உள்ளே போனதும் நின்றுவிட்டேன். ஒரு சுவர் முழுக்கச் சேவல் கழுத்து. செம்பு, சாம்பல், தேன், வரிவரியாகக் கறுப்பு வெள்ளை. ஒவ்வொரு இறகும் ஒரு சாண் நீளம், நுனிவரை ஒரே அகலம். இறகுக்காகவே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வளர்த்த சேவல்களாம். ஒரு தோல் அறுபது பவுன். அய்யலூரில் அந்தக் காசுக்கு உயிரோடு இரண்டு சண்டைச் சேவல் வாங்கலாம். ஆனாலும் குறை சொல்ல வாய் வரவில்லை. ஒரு இறகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அதில் ஒரு மயிர்கூடப் பிசகவில்லை. ஒரு பறவையின் கழுத்துக்காக மனிதர்கள் இத்தனை ஆயுளைச் செலவு செய்திருக்கிறார்களே என்று நினைத்தபோது, நான் கோவில் பீடத்துக்கு முன்னால் நிற்பது மாதிரி நின்றிருந்தேன்.

நான்காவது அட்டையை முப்பது மேசைகளிலாவது காட்டியிருப்பேன். எல்லோரும் மரியாதையாகப் படித்தார்கள், கை குலுக்கினார்கள், தலையை ஆட்டினார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு அம்மாள் என்னைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, கவ்வியில் ஒரு கொக்கியை மாட்டி நூலைக் கையில் கொடுத்தார். நாற்பது வருசம் கழித்து என் விரல் தானாகச் சுற்றியது. தலை முடிக்கும்போது மஞ்சள் நூலைத் தேடினேன். கூட்டம் கூடிவிட்டது. ஆனால் அக்கா கேட்ட கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. திரும்பும் ரயிலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமான நிம்மதி, ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன்.

இரண்டாவது கண்காட்சி இரண்டு சனிக்கிழமை தள்ளி. இது பெரியது. மூன்று மண்டபம், நுழைவுக்குப் பதினான்கு பவுன், அறுபத்தைந்து வயதுக்கு மேல் பதினொன்று. மருமகன் காரில் கொண்டுபோய் விட்டார், தொண்ணூற்றாறு கிலோமீட்டர், காற்றும் மழையுமாக ஒன்றே முக்கால் மணி நேரம். அன்று ஜெசிந்தா லீவு போட்டு என்னோடு வந்தாள்.

நடு மண்டபத்தில் தரைமேலேயே ஒரு தொட்டி கட்டி, நீலத் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். முப்பது மீட்டர் நீளம். அதில் ஒரு மீன் இல்லை. கரையில் நின்று ஒரு பெண்மணி, எழுபது வயது இருக்கும், கோலைப் பின்னால் ஆட்டி முன்னால் நீட்டினார். கயிறு அவர் தலைக்கு மேல் ஒரு வளையமாகச் சுருண்டு, அந்த வளையம் சத்தமே இல்லாமல் ஓடி ஓடி, கடைசியில் விரிந்து, நுனியில் இருந்த பூச்சி தண்ணீர் மேல் ஒரு தூசி இறங்குவதுபோல் இறங்கியது. முந்நூறு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள், ஒருவர்கூட இருமவில்லை.

"இதுக்குத்தேனா நாம கட்டினோம்!" என்று என் வாயில் வந்துவிட்டது.

"என்னப்பா, அழுகுறீங்களா?"

"போடி. ஏசிக் காத்து கண்ணுல பட்டுருச்சு."

"இங்க ஏசியே போடலப்பா."

மூன்றாவது மண்டபம் பூச்சி கட்டுபவர்களுக்கு. வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு விளக்கு. நான் அட்டையை எடுக்கவே இல்லை, அதற்குள் கண்ணில் பட்டுவிட்டது. நான்காவது மேசையில் ஒரு பெரியவர், கம்பளித் தொப்பி, கன்னமெல்லாம் சிவந்த ஆள், ஒரு பூச்சிக்கு அழகாக இரண்டு சிறகும் நிமிர்த்திக் கட்டினார். கட்டிவிட்டுச் சின்னக் கத்தரியை எடுத்தார். இடது சிறகைப் பாதியில் வெட்டினார்.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், ஆனால் வேலையை விடவில்லை. கறுப்பு நூலால் தலையைச் சுற்றினார். பிறகு இன்னொரு நூலை எடுத்து ஒரே ஒரு சுற்று. சிவப்பு.

"ஜெசி, ஏன் செவப்பு வைக்கிறாருன்னு கேளு."

அவள் கேட்டாள். அவர் பெயர் ஆலன். பேசிக்கொண்டே அவர் கீழே குனிந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தார். ஜெசிந்தா ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்ல, நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவருக்கு இருபது வயசா இருக்கும்போது, ஒரு கடையில கழிச்சுப் போட்ட பூச்சியெல்லாம் ஒரு தட்டுல கொட்டி வித்தாங்களாம். இந்தியாவுலேருந்து வந்த சரக்காம். கையில காசு இல்லாத வயசு. ரெண்டு டஜன் வாங்கினாராம். ஒரு சிறகு சின்னதா இருக்குறதால தண்ணியில நேரா நிக்காதாம்பா, ஒருபக்கமாச் சாயுமாம். சாகப்போற பூச்சி தத்தளிக்கிற மாதிரியே இருக்குமாம். முழுச் சிறகு வச்ச பூச்சிய ஒதுக்கிட்டு மீனெல்லாம் இதைத்தான் பிடிச்சுதாம்."

"எத்தன மீனு? ஒன்னா ரெண்டா? கேளு."

கேட்டாள். ஆலன் சிரித்து, இரண்டு கையையும் விரித்து மேலே தூக்கினார். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

தகரப் பெட்டிக்குள் பஞ்சில் ஒரே ஒரு பழைய பூச்சி. இறகு நைந்து, கொக்கி துருப்பிடித்து, உடம்பு மீன் பல்லில் பிய்ந்திருந்தது. மற்ற இருபத்து மூன்றும் மீன் வாயிலும் மரக்கிளையிலும் போய்விட்டன. என் மூக்குக் கண்ணாடிக்கு மேல் அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்தார். கடுகில் பாதி தலை. அதில் மயிரளவு சிவப்பு, வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. சுற்று வலமிருந்து இடமாகப் போயிருந்தது. புஷ்பம் அக்காவுக்கு இடது கைப் பழக்கம். பெஞ்சில் அப்படிச் சுற்றியது அவர் ஒருவர்தான்.

வாங்கிய இரண்டு டஜனிலும் சிவப்புச் சுற்றுதானாம். அதுவும் மீனை இழுக்கும் என்று நினைத்து, ஆலன் தான் கட்டும் ஒவ்வொன்றிலும் அதை வைக்கிறார். அவரிடம் கற்றவர்களும் வைக்கிறார்கள். கடல் தாண்டி ஒரு தேசத்தில், பெயரே தெரியாதவர்கள் புஷ்பம் அக்காவின் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. ஒரு மீன் கேட்டேன், கணக்கில்லாமல் கொடுத்துவிட்டார் செபஸ்தியார். இனி வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

கட்டியது யார் யார் என்று ஆலன் கேட்டார். நான்கு பெயரையும் சொன்னேன், ஜெசிந்தா எழுதிக் கொடுத்தாள். கிளம்பும்போது, அப்போது கட்டி முடித்த பூச்சியைச் சின்ன டப்பியில் போட்டுக் கொடுத்தார். கொக்கி இருப்பதால் இதைக் கைப்பையில் வைக்காமல் பெட்டிக்குள் போடுங்கள்.

மார்ச் முதல் வாரம் ஊர் திரும்பினேன். ஞாயிறு பூசை முடிந்து கருப்பையாவையும் கூட்டிக்கொண்டு கொடைரோட்டில் அக்கா வீட்டுக்குப் போனேன். பாக்கியம் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். அக்கா வாழைநாரில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். டப்பியைத் திறந்து கையில் கொடுத்து, ஆலன் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

அக்கா பூச்சியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "செவப்புச் சுத்து நல்லாத்தேன் வச்சிருக்கான். சோத்தாங்கைக்காரன் போல." பிறகு கருப்பையா பக்கம் திரும்பினார். "ஏன்டா, ஏமாந்துச்சாடா மீனு? இப்பச் சொல்லு. வாய்க்குள்ள என்னத்த வச்சிருக்க?"

கருப்பையா தலையைச் சொறிந்தார். "ஏமாந்துருக்கு. மீனுக்குப் புத்தி அம்புட்டுத்தேன்."

"ஒனக்கும் அம்புட்டுத்தேன்."

அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மடியில் இருந்த பூவெல்லாம் குலுங்கியது. அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் சொன்னேன். தபால் வந்தது, நான் திறந்தது, பீற்றிக்கொண்ட வெட்கம், இடுப்பில் செருகியது, சாக்கடையில் போட்டது, முதலாளி கேட்டபோது வாயை மூடிக்கொண்டது, ஒன்று விடாமல்.

அக்கா தொடுப்பதை நிறுத்தினார்.

"நாந்தேன் கூட்டித் தள்ளிட்டேன்னு நெனச்சேன்டா. சீவக்கட்டைய எடுத்துக் கூட்டுறப்பெல்லாம் நெனச்சேன். அந்தக் குப்பையில கெடந்துருக்குமோ, இந்தக் குப்பையில கெடந்துருக்குமோன்னு. நாப்பது வருசம்."

"தப்புத்தேன்க்கா."

"மீனு சிக்காம இருந்திருந்தா சொல்லியிருப்பியா?"

இதை அவர் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. பொய் சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. "இல்லக்கா" என்றேன்.

"எந்திரிச்சுப் போடா."

எழுந்து வந்தேன். இரண்டு வாரத்தில் ஊரடங்கு. அதற்குப் பிறகும் அக்கா என்னிடம் பேசவில்லை. பூசையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் கருப்பையா சும்மா இருப்பாரா? கொடைரோடு முழுக்கச் சொல்லி, "நொண்டிச் சிறகு" என்ற பெயரை அவர் வைத்த வாயாலேயே எடுத்துவிட்டார். என்னை இப்போது "சீட்டு சவரி" என்கிறார்கள். பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம்வரை கண்காட்சிகள் நடக்கும். சின்ன ஊர்க் கண்காட்சிக்கு முதலில் போங்கள், அங்கேதான் உட்கார வைத்துப் பேசுவார்கள். பெரியதற்கு இரண்டாவது நாள் போங்கள், கூட்டம் குறைவு. வீசக் கற்றுக் கொடுப்பார்கள், காசு கிடையாது, வெட்கப்படாதீர்கள். அங்கே கற்ற வீச்சைத்தான் நான் இப்போது ஆத்தூர் அணையில் கெண்டை மீன்களிடம் காட்டுகிறேன், அவை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கையுறை இரண்டு சோடி, ரயிலில் தின்ன ஏதாவது கட்டுச்சோறு. அங்கே ஒரு காய்ந்த ரொட்டி நானூறு ரூபாய். முக்கியமாக, புரியாத எழுத்து எதைக் கொடுத்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். நான்கு குளிர்காலத்தில் முன்பின் தெரியாத எத்தனையோ பேர் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒருவர்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

போன குளிர்காலம் ஆலன் மேசைக்கு மறுபடி போனேன். அந்தப் பழைய பூச்சியை இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருக்கிறார். கீழே ஒரு அட்டை, அதில் எங்கள் நான்கு பேரின் பெயர். நால்வரில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று ஜெசிந்தா மூலம் கேட்டார். அட்டையில் ஒவ்வொரு பெயராக ஜெசிந்தா விரல் வைக்க, நான் சொல்லிக்கொண்டு வந்தேன். பாக்கியம், நுரையீரல் கெட்டுத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் போனார், கஜா புயல் அடித்த அதே நவம்பரில். கருப்பையா, இரண்டாவது கொரோனா அலையில், ஒரு வாரக் காய்ச்சலில். சவரிமுத்து, இதோ உங்கள் முன்னால் நிற்கிறேன். கடைசிப் பெயரில் விரல் வந்தது. இருக்கிறார், நன்றாக இருக்கிறார், எழுபத்தொன்பது வயதிலும் கொடைரோட்டில் காலை ஐந்து மணிக்குப் பூக்கடை திறக்கிறார், என்னோடு பேசுவதில்லை என்றேன். அந்தப் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று ஆலன் கேட்டார். நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தேன்: மரியபுஷ்பம்.